விசில் மட்டும் போதாது: மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும் விளையாட்டுத் திடலும்

நமது மதரஸாவில் ஆண்டு விழாவுக்கு முந்தைய வாரம் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போட்டிகள் நடத்துவது வழக்கம். சாக்கு ஓட்டம், கயிறு இழுத்தல், எலுமிச்சை ஸ்பூன் என்று திடலே கலகலப்பாக இருக்கும். பிறவியிலேயே கால்கள் பலவீனமாக அமைந்து, காலிப்பர் மாட்டிக்கொண்டு நடக்கும் ஒரு மாணவன் அப்போது நம்மிடம் ஓதிக்கொண்டிருந்தான். பத்து வயது. அவன் ஒதுங்கியிருப்பதாக நினைத்துவிடக் கூடாது என்று ஒவ்வோர் ஆண்டும் அவன் கையில் ஒரு விசிலையும் பெயர்ப் பட்டியலையும் கொடுத்து நாற்காலியில் உட்கார வைப்போம். பரிசளிப்பின்போது ஓர் ஆறுதல் பரிசும் உண்டு.

மூன்றாம் ஆண்டு, விழா முடிந்த மறுநாள் அவன் அந்த டிஃபன் பாக்ஸைப் பிரிக்காமலேயே திருப்பிக் கொண்டு வந்தான். "ஹஜ்ரத், நான்தான் ஒண்ணுமே விளையாடலையே. எனக்கு எதுக்குப் பரிசு?" என்று கேட்டான்.

நம்மிடம் பதில் இல்லை. அவன்மீது இரக்கம் காட்டியதாகவே மூன்று ஆண்டுகளாக நாம் எண்ணியிருந்தோம். அவன் விளையாட ஏதாவது வழி இருக்கிறதா என்று ஒருநாள்கூட நாம் விசாரித்துப் பார்க்கவில்லை. அவன் கேட்ட பிறகுதான் தேட ஆரம்பித்தோம். தேடியதில் அறிந்ததை, இதே நிலையில் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்களுக்கும், மதரஸா, பள்ளிக்கூட நிர்வாகிகளுக்கும் பயன்படட்டும் என்று இங்கே தொகுத்துத் தருகிறோம்.

வடிவம் மாறும், பங்கு போகாது

நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்து தொழுகிறார். உட்காரவும் இயலாதவர் படுத்துத் தொழுகிறார். அதுவும் இயலாதவர் சைகையால் நிறைவேற்றுகிறார். "உனக்கு முடியாது, நீ ஓரமாக இரு" என்று மார்க்கம் அவரை அனுப்பிவிடவில்லை. அவரவர் உடல்நிலைக்கு ஏற்பச் செய்யும் முறைதான் மாறுகிறதே தவிர, அவருக்குரிய இடம் அப்படியே இருக்கிறது. சிறு பிள்ளைகளுக்கும் நாம் கற்றுக்கொடுக்கும் இந்தச் சட்டம், விளையாட்டுத் திடலுக்கு வந்ததும் நமக்கு மறந்துபோய்விடுகிறது.

தகவமைப்பு விளையாட்டு என்பது இதே அடிப்படையில் அமைந்ததுதான். பிள்ளையின் உடலை விளையாட்டுக்கு ஏற்ப மாற்ற முடியாது. விளையாட்டைப் பிள்ளைக்கு ஏற்ப மாற்றலாம். அந்த மாற்றம் பெரும்பாலும் நான்கு வகையில் அமைகிறது.

முதலாவது, விதியில் மாற்றம். சாதாரண டென்னிஸில் பந்து தரையில் ஒருமுறை குதித்ததும் திருப்பி அடிக்க வேண்டும். 1976-இல் அமெரிக்காவில் பிராட் பார்க்ஸ் என்பவரால் உருவெடுத்த சக்கர நாற்காலி டென்னிஸில் இரண்டு முறை குதிக்கலாம். மற்ற விதிகள் பெரும்பாலும் அப்படியேதான். அந்த ஒரு மாற்றமே ஆட்டத்தைச் சாத்தியமாக்கிவிட்டது.

இரண்டாவது, கருவியில் மாற்றம். கூடைப்பந்துக்கான சக்கர நாற்காலியில் சக்கரங்கள் மேலே உள்நோக்கியும் கீழே வெளிநோக்கியும் சாய்ந்திருக்கும். அதனால் சட்டென்று திரும்பும், எளிதில் கவிழாது. விரல்களால் இறுகப் பற்ற முடியாதவர்களுக்குக் குண்டு எறிதலுக்குப் பதிலாக, சுமார் 400 கிராம் எடையுள்ள மரக்கட்டையை எறியும் போட்டி இருக்கிறது.

மூன்றாவது, ஆடுகளத்தில் மாற்றம். வலை தாழும், களம் குறுகும். நான்காவது, வகைப்பிரிவு. ஒரே அளவு இயக்கத் திறன் உள்ளவர்கள் தமக்குள் மோதும்படி பிரிப்பது. தொடைக்குக் கீழே காலில்லாத ஒருவரையும் விரல் மட்டும் இல்லாத ஒருவரையும் ஒன்றாக ஓடவிட்டால் அது போட்டியாகாது அல்லவா?

மருத்துவமனைப் புல்வெளியில் தொடங்கியது

இந்த விளையாட்டுகளுக்கு ஒழுங்கான வடிவம் கிடைத்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான். முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர் அதிக நாள் வாழமாட்டார் என்பதே அன்றைய மருத்துவர்களின் பொதுவான எண்ணமாக இருந்தது. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் பலரின் உயிரைப் பறித்தன.

நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1939-இல் இங்கிலாந்துக்கு வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மான், 1944-இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். நோயாளிகளைப் படுக்கையில் கிடத்தி வைப்பதற்குப் பதிலாக விளையாட்டையே சிகிச்சையின் ஒரு பகுதியாக்கினார். 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், அந்த மருத்துவமனைப் புல்வெளியில் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டனர். அனைவரும் போரில் காயமடைந்தவர்கள். பன்னிரண்டே ஆண்டுகளில் அது 1960-இல் ரோம் நகரில் 23 நாடுகளைச் சேர்ந்த சுமார் 400 பேர் பங்கேற்ற போட்டியாக வளர்ந்தது. அதையே முதல் பாராலிம்பிக் என்று இன்று கணக்கிடுகிறார்கள்.

நம் நாட்டுக்கு முதல் பாராலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்தவரும் ஒரு போர்வீரர்தான். 1965 போரில் குண்டடிபட்ட முரளிகாந்த் பேட்கர், 1972-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார்.

வரலாற்றைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த விளையாட்டுகள் பரிதாபத்தினால் போடப்பட்ட பிச்சை அல்ல. உயிர் பிழைக்க வைக்கும் மருந்தாகத் தொடங்கி, பிறகு தன் சொந்தக் காலில் நின்ற போட்டிகள் அவை.

சில விளையாட்டுகளும் அவற்றுக்கேற்ற பிள்ளைகளும்

போச்சியா: நம் குடும்பங்களில் பலரும் கேள்விப்பட்டிராத இந்த விளையாட்டை முதலில் சொல்கிறோம். நமது இளம்பிராயத்தில் கால் விளங்காத பிள்ளை என்றால் பெரும்பாலும் போலியோதான் காரணமாக இருக்கும். 2014-இல் இந்தியா போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது, அல்ஹம்துலில்லாஹ். இன்று பிள்ளைகளின் உடல் இயக்கக் குறைபாட்டுக்குப் பெரும் காரணம் பெருமூளை வாதம். கைகால்கள் விறைத்து, நினைத்தபடி அசைக்க இயலாமல், சிலருக்குப் பேச்சும் குழறும். இப்படிப்பட்ட பிள்ளை என்ன விளையாட முடியும் என்று கேட்பவர்களுக்குப் பதில்தான் போச்சியா.

நாற்காலியில் அமர்ந்தபடியே ஆடுவது இது. முதலில் ஒரு வெள்ளைப் பந்தை உருட்டிவிடுவார்கள். ஒரு தரப்புக்கு ஆறு சிவப்புப் பந்துகள், மறு தரப்புக்கு ஆறு நீலப் பந்துகள். வெள்ளைப் பந்துக்கு மிக அருகில் தன் பந்தைச் சேர்ப்பவருக்குப் புள்ளி. எதிரியின் பந்தைத் தட்டிவிடலாம், வழியை மறிக்கலாம். பார்க்க எளிதாகத் தோன்றினாலும் கேரம்போல் கணக்குப் போட்டு ஆட வேண்டிய விளையாட்டு. கையால் எறிய முடியாதவர் காலால் தள்ளலாம். அதுவும் இயலாதவருக்கு ஒரு சரிவுப் பலகை உண்டு. தலையில் பொருத்திய கோலால் தொட்டுப் பந்தை அதில் உருட்டிவிடலாம். 1984 முதல் இது பாராலிம்பிக்கில் இடம்பெற்று வருகிறது.

இந்த விளையாட்டில் நம்மை மிகவும் யோசிக்க வைத்த விதி ஒன்று உண்டு. சரிவுப் பலகை வைத்து ஆடுபவருக்கு ஓர் உதவியாளர் அனுமதிக்கப்படுகிறார். பல நேரங்களில் அது தாயோ தந்தையோதான். அந்த உதவியாளர் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டியபடியே இருக்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. பலகையை இடப்பக்கம் நகர்த்து, இன்னும் கொஞ்சம் உயர்த்து என்று பிள்ளை சொல்வதை மட்டும் செய்ய வேண்டும். முடிவெடுப்பது பிள்ளை. காலையில் பல் துலக்குவதிலிருந்து இரவு உறங்குவது வரை எல்லாவற்றையும் பிறர் முடிவு செய்யும் ஒரு பிள்ளைக்கு, உம்மாவையே கையசைத்து இயக்கி ஒரு புள்ளி எடுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பெற்றோரே யோசித்துப் பாருங்கள்.

அமர்ந்து ஆடும் வாலிபால்: கால் இழந்தவர்களும் கால் பலவீனமானவர்களும் தரையில் உட்கார்ந்து ஆடுவது. களம் 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். வலையின் உயரம் ஆண்களுக்கு 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05 மீட்டர். பந்தை அடிக்கும்போது உடல் தரையை விட்டு எழும்பக் கூடாது. கைகளாலேயே உந்தி நகர வேண்டும் என்பதால் தோள்பட்டைக்கு நல்ல வலு கிடைக்கும். முஸ்லிம்கள் அதிகம் வாழும் இரு நாடுகள் இதில் கோலோச்சுகின்றன. ஈரான் ஆண்கள் அணி 1988 முதல் 2024 வரை எட்டு பாராலிம்பிக் தங்கங்களை வென்றுள்ளது. போரில் கண்ணிவெடிக்குக் கால்களைப் பறிகொடுத்த வீரர்கள் பலரைக் கொண்டிருந்த போஸ்னியா அணி 2004-இலும் 2012-இலும் தங்கம் வென்றது.

சக்கர நாற்காலிக் கூடைப்பந்து: கூடையின் உயரம் வழக்கமான 3.05 மீட்டர்தான், குறைப்பதில்லை. பந்தை மடியில் வைத்துக்கொண்டு இருமுறைக்கு மேல் சக்கரத்தைத் தள்ளக் கூடாது. பந்தைத் தரையில் தட்ட வேண்டும். ஒவ்வொரு வீரருக்கும் இயக்கத் திறனைப் பொறுத்து 1 முதல் 4.5 வரை மதிப்பெண் உண்டு. களத்தில் இருக்கும் ஐவரின் கூட்டுத்தொகை 14-ஐத் தாண்டக் கூடாது. அதனால் பாதிப்பு அதிகமுள்ளவருக்கும் அணியில் இடம் கட்டாயமாகிறது. போலியோவால் பாதிக்கப்பட்ட சென்னையைச் சேர்ந்த மாதவி லதா, இந்த விளையாட்டுக்கான இந்திய சம்மேளனத்தைத் தொடங்கி நாடெங்கும் பரப்பியவர்.

பாரா பேட்மிண்டன்: நம் ஊர்களில் உள்ளரங்கங்களும் பயிற்சியாளர்களும் ஓரளவு கிடைப்பது இதற்குத்தான். சக்கர நாற்காலியில் ஆடுவோருக்கும் கால் பாதிப்பு அதிகமுள்ளோருக்கும் ஒற்றையர் ஆட்டத்தில் பாதிக் களம் மட்டுமே. கை பாதிப்புள்ளோருக்கும் உயரம் குறைந்தோருக்கும் தனிப் பிரிவுகள் உண்டு.

நீச்சல்: தண்ணீர் உடல் எடையைத் தாங்கிக்கொள்வதால், தரையில் நடக்க இயலாத பிள்ளைகூட நீரில் தானாக அசைய முடிகிறது. விறைத்த தசைகளும் இளகும். போட்டிகளில் செயற்கைக் கால், கை எதையும் அணிந்து நீந்த அனுமதியில்லை.

இவை தவிர, தரையோடு கட்டப்பட்ட நாற்காலியில் அமர்ந்து குண்டு, ஈட்டி எறிதல், மேசைப்பந்து, வில்வித்தை, துப்பாக்கி சுடுதல் எனப் பலவும் உள்ளன.

இவர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் காய்கறி விற்ற தாயின் மகன் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பள்ளிக்குச் செல்லும் வழியில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியது. 2016-இல் ரியோவில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளி, 2024-இல் பாரிஸில் வெண்கலம் என அடுத்தடுத்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம். பள்ளியில் அவரைக் கண்டெடுத்து ஊக்கப்படுத்தியவர் ஓர் உடற்கல்வி ஆசிரியர்.

அதே பாரிஸில் தமிழகத்துப் பெண்பிள்ளைகள் மூவர் பேட்மிண்டனில் பதக்கம் பெற்றனர். துளசிமதி முருகேசன் வெள்ளி; மனிஷா ராமதாஸ் வெண்கலம்; உயரம் குறைந்தோர் பிரிவில் நித்யஸ்ரீ சிவன் வெண்கலம். மனிஷாவுக்குப் பிறக்கும்போதே வலது கையின் நரம்பில் ஏற்பட்ட பாதிப்பு. அந்தப் போட்டியில் இந்தியா மொத்தம் 29 பதக்கங்கள் வென்றது.

கைகளே இல்லாமல் பிறந்த காஷ்மீரத்து ஷீத்தல் தேவி, காலால் வில்லைப் பிடித்து, தோளாலும் வாயாலும் நாணை இழுத்து அம்பு விடுகிறார். 17 வயதில் பாரிஸில் கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் பெற்றார். எட்டு வயதில் தந்தையின் மரம் அறுக்கும் ஆலையில் இரு கைகளையும் இழந்த ஆமிர் ஹுசைன் லோன், கழுத்துக்கும் தோளுக்கும் இடையே மட்டையைப் பிடித்து ஆடி, காலால் பந்து வீசி, ஜம்மு காஷ்மீர் பாரா கிரிக்கெட் அணியின் தலைவரானார். எகிப்தின் இப்ராஹீம் ஹமத்தூ பத்து வயதில் ரயில் விபத்தில் இரு கைகளையும் இழந்தவர். வாயில் மட்டையைக் கவ்வி, கால்விரலால் பந்தைத் தூக்கிப் போட்டு மேசைப்பந்து ஆடுகிறார். 2022 உலகக் கோப்பைக் கால்பந்துத் தொடக்க விழாவில் கத்தாரின் கானிம் அல் முஃப்தாஹை நம் வீடுகளில் அனைவரும் பார்த்தோம். உடலின் கீழ்ப்பகுதி வளராத அவரும் நீச்சலிலும் கால்பந்திலும் ஈடுபட்டு வளர்ந்தவர்தான்.

இவர்களைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை தேவை. "அவன் தங்கம் வாங்கினான், நீ ஏன் வாங்கவில்லை?" என்று பிள்ளையின் தலையில் இதையும் ஒரு சுமையாக ஏற்றிவிட வேண்டாம். தெருவில் கிரிக்கெட் ஆடும் நம் பிள்ளைகள் எல்லாரும் இந்திய அணிக்கா போகிறார்கள்? மாலையில் ஒரு மணி நேரம் சந்தோஷமாக ஆடிவிட்டு, வியர்த்து, பசித்து வீட்டுக்கு வருகிறார்கள். இந்தப் பிள்ளைக்கும் முதலில் கிடைக்க வேண்டியது அதுதான்.

உடலுக்கு என்ன பயன்? எதில் கவனம்?

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 5 முதல் 17 வயதுவரையுள்ள மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் மற்றப் பிள்ளைகளைப் போலவே, இயன்றவரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. வாரத்தில் மூன்று நாளாவது எலும்புக்கும் தசைக்கும் வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது. அசையாமல் உட்கார்ந்தே இருக்கும் பிள்ளைக்கு எடை கூடும், எலும்பு மெலியும், மூட்டுகள் இறுகும், மலச்சிக்கல் வரும். எடை கூடினால் தூக்கிச் சுமக்கும் தாயின் இடுப்பும் சேர்ந்து பாதிக்கப்படும்.

ஆனால் எல்லாருக்கும் எல்லாமும் பொருந்தாது. தொடங்கும் முன் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்டுக்கொள்ள வேண்டும்.

தசைச்சிதைவு நோயுள்ள பிள்ளையைக் களைப்படையும் அளவுக்கு ஆடவிடக் கூடாது; கடும் பயிற்சி தசையை மேலும் சேதப்படுத்தும். மெதுவான நீச்சல் இவர்களுக்கு ஏற்றது. தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்கு வியர்வை குறைவாக இருக்கும் என்பதால் வெயிலில் உடல் சூடு வேகமாக ஏறும். காலையிலோ மாலையிலோ நிழலில் ஆடவிட்டு, அடிக்கடி தண்ணீர் கொடுக்க வேண்டும். உணர்ச்சியில்லாத இடங்களில் சிராய்ப்பு ஏற்பட்டாலும் பிள்ளைக்குத் தெரியாது. ஆட்டம் முடிந்ததும் இடுப்பு, தொடை, பாதம் ஆகியவற்றைப் பெற்றோர் பார்வையிட வேண்டும். செயற்கைக் கால் அணிபவருக்கு அது பொருந்தும் இடத்தில் தோல் சிவந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஸ்பைனா பைஃபிடா எனப்படும் முதுகுத்தண்டுப் பிளவுள்ள பலருக்கு லேடெக்ஸ் ரப்பர் ஒவ்வாது. பலூன், ரப்பர் கையுறை போன்றவற்றில் கவனம் தேவை. பெருமூளை வாதமுள்ள பிள்ளைகளில் சிலருக்கு வலிப்பும் இருக்கும். அவர்களைத் தண்ணீரில் ஒரு நொடிகூடத் தனியே விடக் கூடாது.

பெற்றோரின் தயக்கங்கள்

"விழுந்துவிட்டால்?" என்பது முதல் பயம். விழலாம். நடக்கப் பழகும் எல்லாப் பிள்ளைகளும் விழுந்துதான் எழுந்தார்கள். எப்படிப் பாதுகாப்பாக விழுவது, நாற்காலி கவிழ்ந்தால் எப்படி எழுவது என்பதையே பயிற்சியின் முதல் பாடமாக நல்ல பயிற்சியாளர்கள் சொல்லிக் கொடுப்பார்கள்.

"மற்றவர்கள் சிரிப்பார்களே?" என்பது அடுத்தது. ஒருவன் மட்டும் உட்கார்ந்து மற்றவர்கள் நின்றால் வேடிக்கையாகத் தெரியலாம். எல்லாரும் உட்கார்ந்து ஆடினால் யாரைப் பார்த்து யார் சிரிப்பது? அமர்ந்து ஆடும் வாலிபாலில், நன்றாக ஓடியாடும் பிள்ளைகள்தான் முதலில் திணறுவார்கள்.

"பெண்பிள்ளையாயிற்றே" என்பது நம் குடும்பங்களில் அழுத்தமாக ஒலிக்கும் தயக்கம். வீட்டில் மாற்றுத்திறனாளியாக ஆண் பிள்ளை இருந்தால் எங்காவது அழைத்துச் செல்கிறோம். பெண் பிள்ளை என்றால் அறையை விட்டு வெளியே வருவதேயில்லை. ஈரானின் ஸஹ்ரா நிஃமதி விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகு வில்லைக் கையிலெடுத்தார். 2012-இல் லண்டன் பாராலிம்பிக்கில் ஹிஜாபுடன் தங்கம் வென்று, ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டிலுமாக ஈரானுக்குத் தங்கம் பெற்றுத்தந்த முதல் பெண்மணியானார். வில்வித்தை, போச்சியா, மேசைப்பந்து, துப்பாக்கி சுடுதல் போன்றவற்றில் நம் ஆடை ஒழுக்கம் ஒரு தடையே அல்ல. நீச்சல் என்றால் பெண்களுக்கான தனி நேரம் இருக்கும் குளத்தைத் தேட வேண்டியிருக்கும்.

சட்டமும் உதவிகளும்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு மற்றவர்களுக்குச் சமமாக விளையாட்டு வாய்ப்பையும் அளிக்க வேண்டும் என்கிறது. விளையாட்டில் அவர்கள் பங்கேற்க வழிசெய்வது அரசின் கடமை என்று அதன் 30-ஆவது பிரிவு கூறுகிறது. எனவே "பி.டி. பீரியடில் அவன் வகுப்பிலேயே இருக்கட்டும்" என்று பள்ளி சொன்னால், பணிவோடு, ஆனால் உறுதியாக, மாற்று ஏற்பாட்டைக் கேட்கலாம்.

யுடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டையை முதலில் பெற்றுக்கொள்ளுங்கள். உதவி உபகரணங்களுக்கும் நலத்திட்டங்களுக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும். ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் சிறப்பாசிரியர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் பணியாற்றுகிறார்கள். எந்த விளையாட்டு ஏற்றது என்று அவர்களிடமே கேட்கலாம். டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டி மாவட்டந்தோறும் விளையாட்டுப் போட்டிகள் நடக்கின்றன. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. தேசிய அளவில் கேலோ இந்தியா பாரா விளையாட்டுகள் 2023 டிசம்பரில் டெல்லியில் முதன்முறையாக நடைபெற்றன.

ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். மருத்துவச் சான்றிதழில் உள்ள விழுக்காடு வேறு, விளையாட்டு வகைப்பிரிவு வேறு. பிள்ளை எந்தப் பிரிவில் ஆட வேண்டும் என்பதை அந்தந்த விளையாட்டின் வகைப்பிரிவு நிபுணர்கள் நேரில் சோதித்தே முடிவு செய்வார்கள்.

நம் மஹல்லாவில் எங்கே தொடங்குவது?

இதற்குப் பெரிய பணம் தேவையில்லை என்பது நமது அனுபவம்.

1. மஹல்லாவில் இப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று முதலில் கணக்கெடுங்கள். இரண்டு பேர் என்று நாம் நினைத்திருந்த இடத்தில் ஏழு பேர் இருந்தார்கள்.

2. என்ன விளையாட ஆசை என்று பிள்ளையிடமே கேளுங்கள். பெற்றோரிடம் மட்டும் கேட்டால் "அவனால் முடியாது ஹஜ்ரத்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும்.

3. பழைய துணியைச் சுருட்டித் தைத்த பந்துகளும், நீளவாக்கில் பாதியாக அறுத்த பி.வி.சி. குழாயும் இருந்தால் போச்சியாவைப் பழகத் தொடங்கலாம். பேட்மிண்டன் வலையைத் தாழக் கட்டி, தரையில் பாய் விரித்தால் வாலிபாலுக்குக் களம் தயார்.

4. உடற்பிறப்புகளையும் தெருப் பிள்ளைகளையும் சேர்த்தே ஆடவிடுங்கள். தனியாக ஒதுக்கி ஆடவைத்தால் திடலுக்கு வந்தும் பயனில்லை.

5. வேண்டுமென்றே தோற்றுக் கொடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கு அது உடனே புரிந்துவிடும்.

6. திடலுக்கு வரும் வழி, சரிவுப் பாதை, கழிப்பறை ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். கழிப்பறை வசதியில்லாததாலேயே பல தாய்மார்கள் பிள்ளையை வெளியே அழைத்து வருவதில்லை.

7. ஆறுதல் பரிசை நிறுத்துங்கள். வென்றால் பரிசு, தோற்றால் மறு ஆட்டம்.

அடுத்த ஆண்டு விழாவுக்கு நாம் அதைத்தான் செய்தோம். கோரைப்பாய்களை விரித்து, வலையைத் தாழக் கட்டி, அணிக்கு ஆறு பேராக எல்லாப் பிள்ளைகளையும் தரையில் உட்கார வைத்தோம். காலிப்பரைக் கழற்றி வைத்துவிட்டு அந்த மாணவனும் களத்தில் இறங்கினான். அவனுடைய அணி தோற்றுப்போனது. சர்வீஸ் போடும்போது எதிரணிப் பையன் எழும்பிவிட்டான், அந்தப் புள்ளி செல்லாது என்று நம்மிடமே வந்து வாதாடினான், கண் கலங்கியிருந்தது. நாம் தீர்ப்பை மாற்றவில்லை. அன்று அவனுக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை.

மறுநாள் அஸருக்குப் பிறகு பாயைச் சுருட்டித் தோளில் சாய்த்தபடி நம் அறை வாசலில் வந்து நின்றான். பின்னால் ஐந்து பையன்கள். வலையின் சாவி வேண்டுமாம்.

நம் வீட்டுப் பிள்ளைகள் அனைவருக்கும் அவரவர் திடலில் ஓர் இடத்தை ஏற்படுத்தித் தரும் வாய்ப்பை வல்ல அல்லாஹ் நமக்கு வழங்குவானாக! ஆமீன்.